ஒரே மிதியில் இரண்டு கருவியும் மாற வேண்டும்: மிடி இணைப்பு, நான்கு வயர் முறை, இரைச்சல்

வாவிக்கரையான் (கல்லடி) கேட்டது:

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவோடும், மற்ற நாட்களில் கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று கூப்பிடுகிற மேடைகளிலும் கிற்றார் வாசிக்கிறேன். கைவசம் பல எஃபெக்ட்களை ஒன்றாகத் தரும் மிதிக்கருவியான லைன் 6 எச்.எக்ஸ். ஸ்டோம்ப் ஒன்றும், மிடி (இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை) ஏற்கக்கூடிய, எதிரொலி தரும் தனி டிலே பெடல் ஒன்றும், பின்பக்கம் சென்ட், ரிட்டர்ன் துளைகள் (சத்தத்தை நடுவழியில் வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே விடுவதற்கு) உள்ள சிறிய வால்வ் அம்ப் ஒன்றும் இருக்கின்றன. அம்பின் சொந்த டிஸ்டோர்ஷன் எனக்குப் பிடித்தமானது என்பதால், வா (சத்தம் திறந்து மூடுவது போல ஒலிக்கும் எஃபெக்ட்), கம்பிரசர் ஆகியவை அதற்கு முன்னாலும், டிலே, ரிவேர்ப் ஆகியவை அதற்குப் பின்னாலும் வரும்படி நான்கு வயர் முறையில் இணைத்திருக்கிறேன்.

முதலாவது பிரச்சினை, வயர்கள் எல்லாவற்றையும் செருகி முடித்ததும் யாரோ அடித்தொண்டையில் உறுமுவது போல ஓர் இரைச்சல் எழுகிறது. இரண்டாவது, பாட்டு மாறும்போது ஸ்டோம்பையும் டிலே பெடலையும் ஒரே மிதியில் மாற்றுவதற்காக மிடி அனுப்பிப் பார்த்தேன். மாறுகிறது, ஆனால் 5 என்று அனுப்பினால் டிலே பெடல் 6ஆம் பிரிசெட்டுக்கு, அதாவது சேமித்து வைத்த 6ஆம் அமைப்புக்கு, போகிறது.

மூன்றாவதுதான் பெரிய தலையிடி. டிலே தாளத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகக் குழுவின் கீபோர்ட்டிலிருந்து மிடி வயர் ஒன்றை ஸ்டோம்புக்குக் கொடுத்தோம். தாளம் ஒத்துப்போகிறது. ஆனால் அன்று முதல் நான் காலே வைக்காமல் என் சத்தம் மாறுகிறது. மெதுவான நன்றிப் பாடல் ஒன்றின் நடுவே கனத்த டிஸ்டோர்ஷன் தானாக வந்து விழுந்ததில் பங்குத்தந்தையே திரும்பிப் பார்த்துவிட்டார். கருவி பழுதா, வயர் பழுதா என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒலிக்காரன் (கல்முனை) எழுதிய பதில்:

தம்பி, மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே எதுவுமே பழுதில்லை. எல்லாம் சொன்னபடி கேட்கின்றன, சொல்பவர்தான் இரண்டு பேர். உங்கள் கீபோர்ட்காரர் பியானோவிலிருந்து ஸ்ட்ரிங்ஸுக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கீபோர்ட் தன் மிடி அவுட் வழியாகப் புரோகிராம் சேஞ்ச் என்ற, சத்தத்தை மாற்றச் சொல்லும் செய்தியையும் வெளியே அனுப்பிவிடுகிறது. சனல் என்பது ஒரே வயரில் எது யாருக்கான செய்தி என்று பிரித்துக்காட்டும் இலக்கம்; வலக்கைக்குரிய சத்தம் வழக்கமாக 1ஆம் சனலில் போகும். ஸ்டோம்பும் கடையிலிருந்து வரும்போது 1ஆம் சனலைக் கேட்கும்படிதான் வரும். ஆகவே அவர் தன் சத்தத்தை மாற்றினார், உங்கள் பிரிசெட்டும் கூடவே மாறியது. அவர் எந்த இடத்தில் சத்தம் மாற்றுகிறார் என்று ஒரு பாட்டு முழுக்கக் கவனித்துப் பாருங்கள், பிடிபட்டுவிடும்.

அதோடும் முடியவில்லை. கீபோர்ட்டின் சஸ்டெயின் பெடல் அனுப்புவது 64ஆம் இலக்கக் கொன்ட்ரோல் சேஞ்ச் (பெடல், சில்லு போன்றவற்றின் அசைவைச் சொல்லும் செய்தி); அதே 64 ஸ்டோம்பில் டப் டெம்போவுக்கு, அதாவது தட்டி வேகம் கொடுப்பதற்கு, ஒதுக்கப்பட்டுள்ளது. மொடியுலேஷன் சில்லு அனுப்புவது 1ஆம் இலக்கம். அதே 1 ஸ்டோம்பில் முதலாவது எக்ஸ்பிரஷன் பெடலை (பாதத்தால் முன்னும் பின்னும் சாய்ப்பது) குறிக்கும். உங்கள் வா அந்தப் பெடலில் இருக்குமானால், அவர் சில்லை உருட்டும்போது உங்கள் வா திறந்து மூடும்.

தாளத்தைச் சுமந்து வரும் மிடி கிளொக்குக்குச் சனல் என்பதே கிடையாது; அது வயரில் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானது. ஆகையால் சனலை மாற்றினாலும் தாளம் போய்விடாது. கீபோர்ட்டின் மிடி அமைப்புக்குள் போய்ப் புரோகிராம் சேஞ்ச், கொன்ட்ரோல் சேஞ்ச், நோட் ஆகியவற்றை அனுப்புவதை நிறுத்திவிட்டுக் கிளொக்கை மட்டும் விடச் சொல்லுங்கள். அந்த வசதி இல்லாத கீபோர்ட்டாக இருந்தால், ஸ்டோம்பைக் கீபோர்ட் பயன்படுத்தாத ஒரு சனலுக்கு நகர்த்துங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு 16ஐப் போடாதீர்கள்: தாளப் பின்னணி வாசிக்கும் கீபோர்ட்கள் டிரம், பேஸ், கோர்ட் ஆகியவற்றுக்கும் தனித்தனிச் சனல்களை எடுத்துக்கொள்ளும், மேல் சனல்கள் பெரும்பாலும் அவற்றுக்கே போயிருக்கும்.

இனி 5க்கு 6 வருவது. மிடி வயரில் ஓடும் இலக்கம் 0 முதல் 127 வரை. சில கருவிகள் அதை அப்படியே காட்டும். சில, மனிதர் எண்ணுவது போல 1 முதல் 128 வரை காட்டும். எப்போதும் ஒன்று மட்டுமே வித்தியாசப்படுமானால் காரணம் இதுதான், ஒன்றைக் குறைத்து அனுப்பினால் போதும். ஸ்டோம்பில் 01ஏ முதல் 42சி வரை 126 பிரிசெட்கள் மூன்று மூன்றாக இருப்பதால் 0 என்பது 01ஏ, 3 என்பது 02ஏ, 125 என்பது 42சி. ஒரு கடதாசியில் எழுதி பெடல் போர்ட்டின் அடியில் ஒட்டி வையுங்கள்.

ஒரே மிதிக்கு வேறு கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. கீபோர்ட் அவுட்டிலிருந்து ஸ்டோம்ப் இன்னுக்கும், ஸ்டோம்ப் அவுட்டிலிருந்து டிலே பெடலின் இன்னுக்கும் இணைத்து, கீபோர்ட்டின் கிளொக் டிலே வரை போகும்படி, வந்த செய்தியை அப்படியே கடத்தும் மிடி த்ரூவை ஸ்டோம்பில் திறந்துவிடுங்கள். டிலே பெடலுக்கு வேறொரு சனலைக் கொடுங்கள். பிறகு ஸ்டோம்பின் கொமாண்ட் சென்டர் பகுதியில், பிரிசெட் திறக்கும் கணத்திலேயே அந்தச் சனலுக்குப் புரோகிராம் சேஞ்ச் போகும்படி எழுதி வையுங்கள். மிடி செக்கனுக்கு 31,250 பிட் வேகத்தில் ஓடுவது. இரண்டு பைட் கொண்ட புரோகிராம் சேஞ்ச் போய்ச் சேர 0.64 மில்லிசெக்கன் ஆகும். காதுக்கு அது ஒரே நேரம்தான்.

ஒரு பக்கக் குறிப்பு: உங்கள் டிலே பெடலில் மிடி துளை ஸ்டீரியோ பிளக் வடிவில் இருந்தால், வயர் ஏ வகையா பி வகையா என்று பார்த்து வாங்குங்கள். 2018இல் ஏ வகையே நியமமாக்கப்பட்டது. அதில் நுனி ஐந்து முள் பிளக்கின் 5ஆம் முள்ளுக்கும் வளையம் 4ஆம் முள்ளுக்கும் போகும், பி வகையில் அவை தலைகீழ். பழைய டேப் ரெக்கோர்டர் வயரும் பார்வைக்கு மிடி வயர் போலவே இருக்கும், உள்ளே இணைப்பு வேறாக இருக்கலாம். மீற்றர் வைத்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

செப்புக்கம்பி (அக்கரைப்பற்று) எழுதிய பதில்:

மிடி பற்றி அண்ணன் சொல்லிவிட்டார், நான் இரைச்சலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான்கு வயர் முறையில் கிற்றாரிலிருந்து வரும் வயரைக் கழித்துவிட்டால், ஸ்டோம்புக்கும் அம்புக்கும் இடையில் மூன்று வயர்கள் ஓடுகின்றன: ஸ்டோம்ப் சென்டிலிருந்து அம்ப் இன்புட்டுக்கு ஒன்று, அம்ப் சென்டிலிருந்து ஸ்டோம்ப் ரிட்டர்னுக்கு ஒன்று, ஸ்டோம்ப் அவுட்புட்டிலிருந்து அம்ப் ரிட்டர்னுக்கு ஒன்று. மூன்றின் வெளிக்கவசமும் இரு முனைகளிலும் ஒரே உலோகத்தில் முடிவதால் அவற்றுக்கிடையில் வளையங்கள் உண்டாகின்றன, சுற்றியுள்ள டிரான்ஸ்போமர்களின் காந்தப் புலம் அந்த வளையத்துக்குள் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. சோதிக்க, முதலில் அம்ப் இன்புட்டுக்குப் போகும் வயரை மட்டும் விட்டு மற்ற இரண்டையும் கழற்றுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். இரண்டாவது வயரோடு உறுமல் தொடங்கினால் சந்தேகம் வேண்டாம், அது வளையம்தான்.

இரைச்சலின் சுருதியும் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். வளையத்தால் வருவது பெரும்பாலும் அந்த ஆழமான 50ஆகவே இருக்கும். அடப்டரின் வடிகட்டல் சரியில்லாமல் வருவது 100 ஹேர்ட்ஸ். ஆறாவது தந்தியின் மூன்றாம் கட்டில் உள்ள ஜி 98 ஹேர்ட்ஸ் என்பதால், அதை மீட்டிப் பார்த்து இரைச்சல் அதற்கு மயிரிழை மேலே நின்றால் அடப்டரை மாற்றிப் பாருங்கள்; அதற்கு ஓர் ஸ்தாயி கீழே நின்றால் வயர்களைப் பாருங்கள்.

செலவில்லாத வைத்தியம், மூன்று வயர்களையும் ஒரே நீளத்தில் எடுத்து ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவது. வளையம் அடைக்கும் பரப்புக் குறையக் குறைய இரைச்சலும் குறையும். அதற்கும் அடங்காவிட்டால், அம்ப் சென்டிலிருந்து வரும் வயரில் ஒன்றுக்கொன்று விகித ஐசொலேஷன் டிரான்ஸ்போமர் (உலோகத் தொடர்பைத் துண்டித்துச் சத்தத்தை மட்டும் கடத்துவது) ஒன்றைப் போடுங்கள். அப்போதும் மிச்சம் இருந்தால் அம்ப் ரிட்டர்னுக்குப் போகும் வயரிலும் ஒன்று. கிற்றாரிலிருந்து நேரே வரும் வயரில் அதைப் போடக் கூடாது, சத்தம் மங்கிவிடும். மிடி வயரைச் சந்தேகிக்க வேண்டாம்: மிடி இன் உள்ளே ஒளி மூலம் பிரிக்கப்பட்டிருக்கும், கவசமும் அந்தப் பக்கம் இணைக்கப்படுவதில்லை. யூ.எஸ்.பி. அப்படியல்ல, மடிக்கணினி மாட்டினால் அதன் வழியாகவும் ஒரு வளையம் வரலாம்.

இரைச்சலை நிறுத்துவதற்காக அம்பின் எர்த் முள்ளைக் கழற்றும் பழக்கம் நமது பக்கத்து மேடைகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 230 வோல்ட் அம்பின் உடலுக்குக் கசிந்தால் அது கிற்றார்த் தந்தி வழியாக உங்கள் விரலுக்கு வரும், உதடு மைக்கில் பட்டதும் உடல் ஊடாகப் பாயும். மைக்கைத் தொடும்போது சுள்ளென்று இழுக்கிற மேடையில் வாசிக்கத் தொடங்க வேண்டாம். மிக்சருக்கும் அம்புக்கும் எர்த் உள்ள ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுத்துத் தரும்படி கேளுங்கள், கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

டிலே பெடலை எங்கே வைப்பது என்பது இன்னொன்று. ஸ்டோம்பின் சென்ட் ஒரு ஸ்டீரியோ துளை என்பதால் ஒன்று இரண்டாகப் பிரியும் வை (Y) வயர் போட்டால் இடதை அம்புக்கும் வலதை டிலேக்கும் தனித்தனியாகப் பயன்படுத்தலாம். அப்போது டிலேக்குப் பிறகு ஸ்டோம்பின் ரிவேர்ப் வரும். ஆனால் நான் அப்படிச் செய்ய மாட்டேன். பிரிசெட் மாறும் கணத்தில் ஸ்டோம்பின் சத்தம் சற்று அறுபடும், உள்ளே சிக்கிய டிலேயின் வாலும் (ஓய்ந்துவரும் எதிரொலியும்) அதோடு அறுந்துபோகும். ஸ்டோம்ப் அவுட்புட்டுக்கும் அம்ப் ரிட்டர்னுக்கும் இடையில் பெடலை வைத்தால் வால் தன்பாட்டில் ஒலித்து ஓயும், பெடலும் தன் பிரிசெட்டை மாற்றும்போது வாலைக் காப்பாற்றும் வகையாக இருந்தால். அப்படி இல்லாத பெடலுக்குப் புரோகிராம் சேஞ்ச் அனுப்பாமல், மிக்ஸ் (எதிரொலி கலக்கும்) அளவை மாற்றும் கொன்ட்ரோல் சேஞ்ச் அனுப்புவது நல்லது.

சிக்னலின் மட்டத்தையும் பாருங்கள். அம்ப் இன்புட்டுக்குப் போகும் சென்ட், இன்ஸ்ட்ருமென்ட் மட்டத்தில் இருக்க வேண்டும். அம்பின் லூப் (சென்ட், ரிட்டர்ன் வழி) +4 டிபியு, அதாவது 1.23 வோல்ட் அளவில் வேலை செய்வதாக இருந்தால், சாதாரணப் பெடல் அதற்குள் வெடித்துக் கரகரக்கக்கூடும். எல்லா எஃபெக்டையும் அணைத்துவிட்டு, கிற்றாரை நேரே அம்பில் செருகியபோது இருந்த அதே சத்தம் வருகிறதா என்று காதால் ஒப்பிடுங்கள்.

வாவிக்கரையான் (கல்லடி) எழுதியது:

மிகவும் நன்றி அண்ணன்மாரே. கீபோர்ட்டில் கிளொக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிறுத்தியதும் பேய் பிடித்தது போன்ற அந்தக் குழப்பம் தீர்ந்தது; கீபோர்ட்காரர் இப்போது என்னைப் பார்த்துக்கொண்டே சத்தம் மாற்றுகிறார், எனக்கு ஒன்றும் ஆவதில்லை. இரைச்சல் ஐம்பது ஹேர்ட்ஸ்தான். மூன்று வயர்களையும் கட்டியதில் பெரும்பகுதி அடங்கிவிட்டது, மீதிக்கு டிரான்ஸ்போமர் தேடுகிறேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. தேவாலயப் பாடல்களில் டிலே தாளத்தோடு அழகாக இருக்கிறது. பைலா என்ற ஆட்டப் பாட்டு வாசிக்கும்போது மட்டும் அது தாளத்துக்குக் குறுக்கே ஓடுகிறது. கிளொக் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆறெட்டு (மட்டக்களப்பு நகர்) எழுதிய பதில்:

பறங்கியர் கல்யாண வீடுகளில் கப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசை வாசித்துப் பழகியவன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

மிடி கிளொக் ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்புகளை அனுப்பும். அதற்குத் தெரிந்தது கால் நோட் மட்டுமே. நீங்கள் எங்கே காலைத் தட்டுகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. பைலா ஆறுக்கு எட்டுத் தாளம். அங்கே நாம் தட்டும் ஓர் அடி மூன்று எட்டிலொரு நோட்கள் சேர்ந்தது, அதாவது புள்ளி வைத்த கால் நோட். நிமிடத்துக்கு 100 அடி தட்டும் பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடி 600 மில்லிசெக்கன், எட்டிலொரு நோட் 200, கால் நோட் 400. கீபோர்ட்டின் திரையில் கால் நோட் கணக்கில் 150 என்று நிற்கும். உங்கள் டிலே கால் நோட்டில் வைக்கப்பட்டிருந்தால் 400க்கு ஒரு தடவை திருப்பிச் சொல்லும், 1,200ஆவது மில்லிசெக்கனில்தான் அடியோடு வந்து சேரும். இரண்டு அடிக்கு மூன்று எதிரொலி, குறுக்கே ஓடாமல் என்ன செய்யும்? பைலாவுக்குரிய பிரிசெட்களில் புள்ளி வைத்த கால் நோட்டுக்கு மாற்றுங்கள், 600க்கு வந்துவிடும். அடர்த்தியாக வேண்டுமென்றால் எட்டிலொரு நோட்.

ஆனால் கப்ரிஞ்ஞாவில் வயலின்காரர் சூடு பிடித்துவிட்டால் ஆடுகிறவர்களோடு சேர்ந்து வேகமும் ஏறும், கீபோர்ட் தாளத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் கைத்தாளத்துக்குப் போய்விடுவோம். அந்த இடத்தில் கிளொக்கை ஏற்பதை நிறுத்திவிட்டுக் காலால் டப் செய்வதுதான் வழி. அப்போது ஒன்றை மறக்காதீர்கள்: நீங்கள் தட்டும் அடியையே கருவி கால் நோட் என்று எடுத்துக்கொள்ளும். புள்ளி வைத்த கால் நோட் அப்படியே இருந்தால் 600க்குப் பதிலாக 900 மில்லிசெக்கன் விழும். ஆகவே பைலாவுக்கு இரண்டு பிரிசெட் வைத்திருங்கள், கிளொக்கோடு வாசிக்கப் புள்ளி வைத்தது ஒன்று, டப் செய்து வாசிக்கப் புள்ளி இல்லாதது ஒன்று. இரண்டையும் பக்கத்துப் பக்கத்து மிதியில் வைத்தால் நடுப்பாட்டில் தேட வேண்டியிருக்காது.