துறையை மூடப் போகிறார்கள், வழி சொல்லுங்கள்

வணக்கம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புள்ள ஒரு தனியார் கல்லூரியில் உற்பத்திப் பொறியியல் ஆசிரியராக இருக்கிறேன். 60 இடங்களில் இந்த வருடம் சேர்ந்தது 4 பேர். இனி முதலாம் ஆண்டு சேர்க்கை கிடையாது, ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) நடைமுறைப்படி படிப்படியாக மூடிவிடலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்துவிட்டது. பாடத்திட்டம் பழசுதான், மறுக்கவில்லை. கவலையெல்லாம் பிள்ளைகளைப் பற்றித்தான். நேற்று மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் லேத்தில் வேலை செய்த எண்ணெய்க் கையோடு வந்து, "சார், எங்க டிகிரி செல்லுமா?" என்று கேட்டான். செல்லும் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் அரியர் வைத்திருப்பவர்கள்? மெஷின்களை விற்றுவிட்டால் செய்முறைத் தேர்வை எங்கே செய்வார்கள்?

உங்கள் கல்லூரியில் இப்படி நடந்திருக்கிறதா? பக்கத்துக் கல்லூரிப் பட்டறையைக் கேட்டு வாங்கினீர்களா? கடைசி பேட்ச்சுக்காக நிர்வாகத்திடம் என்னென்ன எழுதி வாங்கினீர்கள்? அந்தக் கடித மாதிரி இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.