ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல எதை ஏத்தலாம், எதை விடணும்?

கேள்வி:
வணக்கம். யார் வேணா திருத்தக்கூடிய இந்த இலவச மேப்பை மூணு மாசமா எடிட் பண்றேன். இடிச்சுட்ட ஒரு பழைய தியேட்டரை வரைஞ்சு பேரோட போட்டேன், ஒருத்தர் அழிச்சுட்டாரு. ஒரு கிளினிக்குக்கு டிஸ்கிரிப்ஷன்ல "நல்லா கவனிக்கிறாங்க"ன்னு எழுதினேன், அதையும் தூக்கிட்டாங்க. எந்த டேக் (ஒரு இடத்தோட விவரத்தைச் சொல்ற குறிச்சொல்) வேணா போடலாம்னுதானே சொல்றாங்க, அப்புறம் எதை வச்சு முடிவு பண்றது? ரொம்ப ஆசையா செஞ்ச வேலைங்க, மனசு கஷ்டமா இருக்கு.

பதில் 1:
டேக் பேரை நீங்களே வைக்கலாம்ங்கறதுதான் அதுக்கு அர்த்தம், மத்தபடி முன்னபின்ன தெரியாத ஒருத்தர் நாளைக்கு அங்க போய் நின்னு பார்த்தா நீங்க எழுதினது சரியா தப்பான்னு அவரால சொல்ல முடியணும். "நல்லா கவனிக்கிறாங்க"ன்னா அது உங்க அனுபவம், அடுத்தவருக்கு வேற மாதிரி இருக்கும். அதே கிளினிக் வாசல்ல எத்தனை படி, சாய்வுப்பாதை இருக்கா, எத்தனை மணிக்குத் திறப்பாங்க, இதைப் போடுங்க. வீல்சேர்ல வர்றவருக்கு அந்த மூணு படிதான் பெரிய விஷயம், அதை எண்ணிப் போட்டவரு புண்ணியவான்.

பதில் 2:
தியேட்டர் விஷயத்துல அழிச்சவரு செஞ்சது பாதிதான் சரின்னு நினைக்கிறேன். இப்ப இல்லாத கட்டடம் இங்க வேண்டாம், அதுக்கு ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப்னு தனியாவே இருக்கு, கட்டின வருஷம் இடிச்ச வருஷம் போட்டு அங்க ஏத்துங்க. ஆனா சாட்டிலைட் படம் பழசா இருந்தா கூரை இன்னும் தெரியும், வேற யாராவது பார்த்துட்டுத் திரும்ப வரைஞ்சிடுவாங்க. அதனால படம் புதுசாகுற வரைக்கும் டேக்குக்கு முன்னாடி "டெமாலிஷ்டு" (இடிச்சாச்சு)ங்கற முன்னொட்டு போட்டு அவுட்லைனை விட்டு வைக்கிறது நல்லது. அப்புறம், அழிச்சாலும் எடிட் ஹிஸ்டரில இருக்கும், உங்க உழைப்பு எங்கயும் போகல.

பதில் 3:
நேர்ல பார்த்துச் சொல்ல முடியுதுங்கறதுக்காக எல்லாத்தையும் போட்டுடக் கூடாதுங்க. வீட்டு வாசல்ல பேர்ப்பலகை இருந்தாலும் அங்க குடியிருக்கவங்க பேர் மேப்புக்கு வேண்டாம். அடி உதைக்குப் பயந்து வந்த பெண்கள் தங்குற காப்பகம் இருக்கற இடம் தெரிஞ்சாலும் நான் கை வைக்க மாட்டேன், ஒரு புள்ளி ஒரு உயிரையே வாங்கிடும். இன்னொண்ணு, கூகுள் மேப்பைப் பார்த்துக் காப்பி அடிக்கவே கூடாது. 2012-லேர்ந்து நம்ம டேட்டா ஓடிபிஎல்ங்கற திறந்த டேட்டா லைசென்ஸ்ல இருக்கு, அடுத்தவங்க டேட்டா அனுமதி இல்லாம உள்ள வந்தா அதை மொத்தமா நீக்க வேண்டி வரும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. கிளினிக்குக்கு நாளைக்கே போய்ப் படியை எண்ணிட்டு வந்துடறேன். தியேட்டர் எந்த வருஷம் இடிச்சாங்கன்னு மட்டும் பெரியவங்ககிட்ட கேக்கணும்.