எங்களுக்கு முதல் போட்டவர் ஒரு நெல் ஆலைக்காரர்: மட்டக்களப்பு, அம்பாறையில் தொழினுட்பத் தொழில் தொடங்கியவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கல்லடிக்காரன் எழுதியது:

2023 சிறுபோக அறுவடை நேரம். சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலை. நெல்லின் எடையையும் ஈரத்தையும் அளந்த நொடியிலேயே சீட்டாக அச்சிடும் எங்கள் பெட்டியை நிறுவை மேசையில் வைத்துவிட்டு நாங்கள் நால்வரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். உழவு இயந்திரப் பெட்டியில் நெல் கொண்டுவந்திருந்த ஒரு பெரியவரின் முதல் மூடை தராசில் ஏறியது. எடை திரையில் வந்தது. ஈரப்பதம் வந்தது. சின்ன அச்சுப்பொறி கிறீச்சிட்டுக்கொண்டு பற்றுச்சீட்டைத் தள்ளியது. எண்கள் எல்லாம் சரி. பெரியவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வரிசையாகக் கேள்விக்குறிகள்.

வீட்டில் வைத்து ஆங்கில எழுத்தில்தான் சோதித்திருந்தோம். "சீட்டுத் தமிழில் வர வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம்" என்று ஆலை முதலாளி முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். விலை குறைந்த பற்றுச்சீட்டு அச்சுப்பொறிகள் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ் தெரியாது. எழுத்துருவை எப்படியாவது உள்ளே ஏற்றினாலும் தீராது. 'கொ' என்று அடிக்கக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைக்க அதற்குத் தெரிய வேண்டும். அன்று இரவு ஆலையின் சாக்குக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து ஒரு வழி கண்டோம். எழுத்தாக அனுப்பாமல், ஒவ்வொரு வரியையும் கணினியிலேயே படமாக வரைந்து, புள்ளி புள்ளியாக அனுப்பினோம். அச்சு மெதுவாகத்தான் வந்தது, ஆனால் பெயர் முழுமையாக வந்தது. மறுநாள் காலை அந்தப் பெரியவர் மீதி நெல்லோடு திரும்பி வந்தார். சீட்டை வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, தன் பெயரை இரண்டு முறை வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இந்தப் பெட்டி எதற்கு என்று வயல் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்குப் படுவான்கரையில் வயல் இருக்கிறது. ஒவ்வொரு போகமும் நெல்லை விற்றுவிட்டு வந்து, "ஈரம் என்று மூடைக்கு இத்தனை கிலோ கழித்துவிட்டான்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். நெல் சந்தைப்படுத்தும் சபை 14 சதவீத ஈரப்பதத்தை அளவாக வைத்து வாங்குகிறது. தனியார் வாங்கும் இடங்களில் கைப்பிடி நெல்லைக் கடித்துப் பார்த்தே கழிவு சொல்வார்கள். துண்டுத் தாளில் பேனையால் எழுதிய கணக்கை யார் எதிர்த்துப் பேச முடியும்? எடையையும் ஈரத்தையும் அளந்த அந்த நொடியிலேயே அச்சிட்டு இருவர் கையிலும் கொடுத்துவிட்டால் சண்டை பாதி குறையும் என்று நினைத்தோம். தராசில் அளவீட்டுத் திணைக்களத்தின் முத்திரை இருக்கும், அதைத் திறக்கக் கூடாது. அதனால் பின்பக்கத்து இணைப்புத் துளையில் வரும் எண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளும்படி செய்தோம். ஆலையின் பெரிய மோட்டார் சுழலத் தொடங்கும்போதெல்லாம் மின்னழுத்தம் விழுந்து எங்கள் பெட்டி அணைந்துவிடும். உமித் தூசி அச்சுப்பொறியின் வாயை அடைக்கும். இவையெல்லாம் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நாங்கள் ஒருநாளும் படித்திராத பாடங்கள்.

இனி பணத்தின் கதை. எங்களுக்கு ஆறு இலட்சம் ரூபாய் தேவைப்பட்டது. ஒரு வங்கியில் ஈடு கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான் எழுதப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். வீடு அக்காவின் பெயரில் இருக்கிறது. வயல், அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணி, சொந்த உறுதி இல்லை. "உங்கள் பெயரில் என்ன இருக்கிறது தம்பி?" என்று முகாமையாளர் அன்பாகத்தான் கேட்டார். ஒன்றும் இல்லை. ஒரு போட்டியில் பரிசு பெற்றோம். சான்றிதழும் கேடயமும் தந்தார்கள். அம்மா தான் மாதாமாதம் கட்டிவந்த சீட்டுப் பணத்தை முந்தி எடுத்து ஒன்றரை இலட்சம் கையில் வைத்தார். அதை வாங்கும்போது என் கை நடுங்கியது.

மீதியைத் தந்தவர் ஆலை முதலாளி. அவரை ஹாஜியார் என்றுதான் அழைப்போம். கடன் கேட்கத்தான் போனோம். "மகன், வட்டிக்குக் கொடுப்பது எனக்குக் கூடாது. சும்மா தந்தால் உங்களுக்குக் கூடாது. முழாறபா செய்வோம்" என்றார். பணம் அவருடையது, உழைப்பு எங்களுடையது. இலாபம் வந்தால் முன்பே பேசிய விகிதத்தில் பங்கு. நட்டம் வந்தால், எங்கள் கவனக்குறைவு இல்லாதவரை, பணம் போனது அவருக்கு, உழைப்புப் போனது எங்களுக்கு. ஒற்றைத் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தோம். புதிய நிறுவனங்களில் பணம் போடுகிறவர்களைப் பற்றிக் கொழும்பு விடுதி மண்டபங்களில் நடக்கும் கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறேன். நட்டத்தில் பங்கு கொள்ளும் முதல் என்பதை அங்கே ஏதோ புதிதாய்க் கண்டுபிடித்தது போலச் சொல்வார்கள். எங்கள் கரையோர வணிகர்களிடம் அது பழகிய வழக்கம். தொழினுட்பத்துக்கும் அதைப் பயன்படுத்தலாம் என்றுதான் யாரும் நினைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இஸ்லாமியத் தீவிரவாதி ஒருவன் நடத்திய தற்கொலைக் குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு, எங்கள் தெருவில் பலர் முஸ்லிம் கடைக்குப் போவதையே நிறுத்தியிருந்தார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அந்தத் தாளில் கையெழுத்திட்டுவிட்டு வந்த அன்று அப்பா நெடுநேரம் பேசவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது, "ஆலைக்காரர் கழிவு எப்படிப் போடுவார்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த போகம் அவருடைய நெல்லும் அங்கேதான் போனது.

உங்களுக்கு முதல் எங்கிருந்து வந்தது? முதல் வாடிக்கையாளர் யார்? நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

மருதமுனைச் சகோதரி எழுதியது:

நான் ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவள். நாங்கள் நான்கு பெண்கள் மென்பொருள் சோதனை வேலை செய்கிறோம். எங்களுக்கு யாரும் காசாக முதல் போடவில்லை. கிடைத்தது கூரையும் மின்சாரமும்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நிறுத்தப்பட்டது நினைவிருக்கும். மெல்போர்னில் இருந்த வாடிக்கையாளருக்கு வெள்ளிக்கிழமை அறிக்கை போக வேண்டும், மடிக்கணினியில் மின்கலம் முடிந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒரு புடவைக் கடைக்காரரிடம் இன்வேர்ட்டர் இருந்தது. வாப்பாவின் கூட்டாளி அவர். "மேல்மாடியில் நூல் கட்டுத்தான் கிடக்கிறது, ஒதுக்கிவிட்டு இருங்கள் பிள்ளைகள்" என்றார். இரண்டு வாரம் என்று போனவர்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறோம். முதல் ஆறு மாதம் வாடகை வாங்கவில்லை. உம்மாவும் வாப்பாவும் சம்மதித்ததும் அந்த மாடி ஊருக்குள் இருந்ததால்தான். கொழும்பில் விடுதியில் நிற்பதென்றால் எங்களில் இருவர் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டார்கள்.

வேலையைப் பிரித்துக் கொடுக்கும் முறையையும் அந்தக் கடையில்தான் கற்றோம். நெசவாளர் வீட்டுக்கு நூல் போகும், புடவையாகத் திரும்பி வரும், இழையில் குறை இருந்தால் கடைக்காரர் விரலால் தடவியே சொல்லிவிடுவார். குழந்தை பெற்று வீட்டில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழிகளுக்கு நாங்கள் அப்படித்தான் வேலை அனுப்புகிறோம். திரும்பி வருவதை நான் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்ப்பேன்.

ஒரு முறை கொழும்பில் முதலீட்டாளர் ஒருவரைச் சந்திக்க இரவு பஸ்ஸில் போனேன், மாமா துணைக்கு வந்தார். இருபது நிமிடம் தந்தார்கள். பாதியிலேயே, "எப்போது கொழும்புக்கு மாறப் போகிறீர்கள்?" என்று கேட்டார் அவர். மாறவில்லை என்றேன். அதற்குப் பிறகு அவர் கைத்தொலைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் மாமா, "எங்கள் ஊரில் கணக்குப் பார்க்க ஆள் இல்லை என்று நினைத்துவிட்டார் போல" என்றார். இதை எழுதும்போதும் நெஞ்சு எரிகிறது.

தொடங்குகிறவர்களுக்கு ஒரு விடயம். வெளிநாட்டு வாடிக்கையாளரைப் பிடிக்கும் முன்பே பணம் எந்த வழியில் வந்து சேரும் என்று பேசி வையுங்கள். 2021-ல் நாங்கள் தொடங்கியபோது இலங்கையிலிருந்து பேபால் வழியாகப் பணம் அனுப்பலாம், பெற முடியாது. முதல் மாதச் சம்பளம் அதனால் ஐந்து வாரம் தள்ளிப் போனது. 2025 ஏப்ரல் முதல் சேவை ஏற்றுமதி வருமானத்துக்கு 15 சதவீத வரியும் இருக்கிறது. விலை சொல்லும்போதே அதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

வாழைச்சேனையிலிருந்து ஒருவர் எழுதியது:

இருவருடைய கதையும் மனதைத் தொட்டது. ஆனாலும் ஒரு மாறுபாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். ஊர்ப் பணம் ஒரு போகத்துப் பணம். அறுவடைக்கு அறுவடை கணக்கு முடிய வேண்டும் என்று எதிர்பார்க்கும். நான் மீன்பிடிப் படகுகளின் பனிக்கட்டிப் பெட்டிகளுக்கு வெப்பநிலை பார்க்கும் கருவி ஒன்றைச் செய்ய முயன்றேன். துறைமுகத்தில் மூன்று படகுக்காரர்கள் பணம் தந்தார்கள். உப்புக்காற்றில் நிலைக்கும் கருவி செய்ய இரண்டு வருடம் தேவை. எட்டாம் மாதம் ஒருவர் மகளின் கல்யாணத்துக்குப் பணத்தைத் திரும்பக் கேட்டார். அவரில் பிழை இல்லை. கொடுத்துவிட்டேன். கருவி பாதியில் நின்றது.

கிராமத்தில் மென்பொருள் என்றால் எல்லோரும் தமிழ்நாட்டின் சோகோ மென்பொருள் நிறுவனத்தைக் காட்டுவார்கள். அந்த நிறுவனம் தொடங்கியது 1996-ல். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது 2011-ல். வெளி முதலீடு வாங்காமல் சொந்த இலாபத்திலேயே வளர்ந்து, பதினைந்து வருடத்துக்குப் பிறகுதான் கிராமத்துக்கு வந்தது. அந்தப் பொறுமைக்கு நிகரான பணம் எங்களிடம் இல்லை. யாழ்ப்பாணத்தில் யாழ் ஐ.டி. ஹப் என்ற அமைப்பு பத்தாண்டுக்கும் மேலாக மாணவர்களுக்குப் போட்டி வைத்து, வெளிநாட்டில் இருக்கும் தங்கள் ஊரவரை வழிகாட்டிகளாகக் கொண்டுவருகிறது. மட்டக்களப்பில் டிரீம்ஸ்பேஸ் அகாடமி போன்ற இடம் இருப்பது பெரிய ஆறுதல், இளைஞர்கள் கையால் செய்து பார்க்க அங்கே வாய்ப்பு இருக்கிறது. செய்து பார்த்த பிறகு இரண்டு வருடம் தாங்கிப் பிடிக்க ஒரு பொதுப் பணப்பெட்டி வேண்டும். ஒருவர் கல்யாணத்துக்கு எடுத்தால் இன்னொருவர் பங்கை வாங்கிக்கொள்ளும்படி அது இருக்க வேண்டும். கோயில் திருவிழாவைக் குடி வாரியாக, அதாவது தாய்வழிக் குலம் வாரியாக, பொறுப்பேற்று நடத்தத் தெரிந்த மக்களுக்கு இது முடியாததா?

ஆரையம்பதி, இப்போது டொரொன்டோ:

நான் பிழை விட்டவன், அதனால் எழுதுகிறேன். 2018-ல் நண்பர்களோடு சேர்ந்து ஒரு கிராமத்துக் கணினிப் பயிற்சி நிலையத்துக்கு இருபது மடிக்கணினி அனுப்பினேன். திறப்பு விழாப் படங்களைப் பார்த்துக் கண் கலங்கினேன். மூன்று வருடம் கழித்துப் போனபோது ஆறு பெட்டிகள் உறை கிழிக்காமல் அலுமாரிக்குள் இருந்தன. படித்து முடித்த பிள்ளைகளுக்குச் செய்ய வேலை இல்லை. ஒரு தங்கை, "அண்ணா, கணினி எங்கள் வீட்டிலும் இருக்கிறது. எங்களிடம் வேலை வாங்க ஆள்தான் இல்லை" என்றாள்.

இப்போது என் சிறிய கணக்கியல் அலுவலகத்தின் பதிவு வேலையை மாதாமாதம் செங்கலடியில் மூவருக்குக் கொடுக்கிறேன். தொகை பெரிதல்ல. முதல் மாதம் பிழைகள் இருந்தன, திருப்பி அனுப்பினேன், திருத்தினார்கள். மூன்றாம் மாதம் என் கணக்கில் இருந்த ஒரு பிழையை அவர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள்.

கல்லடிக்காரன் எழுதியது:

வாழைச்சேனை அண்ணா, நீங்கள் சொன்னதை ஹாஜியாரிடம் வாசித்துக் காட்டினேன். "அந்தத் தம்பி சொல்வது சரி. நானும் இரண்டு போகம் வரை பொறுப்பேன், மூன்றாவதில் கேட்டிருப்பேன்" என்றார். எங்கள் தொழில் தப்பியது இரண்டாம் போகத்தில் பக்கத்து ஆலைகள் இரண்டு பெட்டி வாங்கியதால்தான். உங்கள் பொதுப் பணப்பெட்டியைப் பற்றிப் பேச அவர் ஆயத்தமாக இருக்கிறார். கரையோரத்தில் இன்னும் நான்கைந்து வணிகர்களை அழைக்கலாம் என்கிறார். உப்புக்காற்றில் நிலைக்கும் அந்தக் கருவியின் பாதியை எறிந்துவிடாதீர்கள்.

மருதமுனைச் சகோதரிக்கு ஒரு வேலை. எங்கள் மென்பொருளை எங்களைத் தவிர வேறு யாரும் சோதித்ததில்லை. கழிவுக் கணக்கில் ஒரு தசமப் புள்ளி பிசகினாலும் ஒரு விவசாயியின் பணம் போய்விடும். உங்கள் விலையைச் சொல்லுங்கள், குறைக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். பெரும்போக அறுவடைக்கு முன் முடிய வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை பெட்டியோடும் ஒரு மூடை நெல்லோடும் வருகிறேன். தராசு மட்டும் உங்கள் கடைக்காரரிடம் கேட்டு வையுங்கள்.