ஹைப்ரிட் காருக்குக் குளிர்கால டயரா, ஆல் சீசனா? மாட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மூன்று குளிர்காலத்தை ஆல் சீசன் டயரிலேயே ஓட்டித் தள்ளிவிட்டேன். காரோடு வந்த டயர்தான், எரிபொருளை மிச்சப்படுத்தும் வகை. பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓடும் ஹைப்ரிட் வாங்கியதே மைலேஜுக்காக. அதில் போய் மெத்மெத்தென்ற குளிர்கால டயரை மாட்டினால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடுமே என்பது என் கணக்கு. போன ஜனவரியில் ஒரு சிக்னலில் அந்தக் கணக்கு உதைத்தது.

அன்றைக்குப் பனிகூடப் பெய்யவில்லை. முதல் நாள் உருகி ஓடிய தண்ணீர் ராத்திரி உறைந்து, ரோடு எது ஐஸ் எது என்று தெரியாமல் கிடந்தது. பிளாக் ஐஸ் என்பார்களே, அதுதான். சிவப்பு விளக்கைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர்கூட இருக்காது. பெடலை மெல்லத் தொட்டதும் வழக்கம்போல மோட்டார் வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கியது. வழியில் ஒரு சின்ன மேடு. அதில் ஏறி இறங்கிய நொடியில் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல இருந்தது. கால் பெடலில்தான் இருக்கிறது, பிரேக்கைத்தான் காணோம். அப்புறம், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கடகடவென்று காலை உதைத்தது. நிறுத்தக் கோட்டைத் தாண்டி, குறுக்கு ரோட்டில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். நல்லவேளை, குறுக்கே யாரும் வரவில்லை.

பிரேக்கில்தான் கோளாறு என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஒன்றுமில்லை என்றார். மோட்டார் பிடிக்கும் பிரேக் முன் சக்கரங்களில் மட்டும்தான் வேலை செய்கிறது. அவை வழுக்கினால் சிஸ்டம் உடனே அதை விட்டுவிட்டு, நான்கு சக்கரத்துக்குமான சாதாரண பிரேக்கிடம் வேலையை ஒப்படைக்கிறது. நான் உணர்ந்தது அந்தக் கைமாற்றத்தை. “பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ரோட்டைப் பிடிப்பது டயர்தானே” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தனியாக ஒரு குளிர்கால செட் வாங்குவதா, பனித்துகள் குறி (பனியில் சோதித்துத் தேறியதற்கான அடையாளம்) போட்ட ஆல் சீசன் ஒன்றையே வருஷம் முழுக்க ஓட்டுவதா? மைலேஜ் பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

*

நண்பரே, மைலேஜ் விஷயத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். அதில் இரண்டு வருஷம் ஏமாந்தவன் நான்.

ஒவ்வொரு முறை எரிபொருள் போடும்போதும் நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. வீட்டில் கேலி செய்வார்கள், பரவாயில்லை. முதல் வருஷம் நவம்பரில் குளிர்கால டயர் மாட்டினேன். கோடையில் 100 கிலோமீட்டருக்கு 4.6 லிட்டர் குடித்த வண்டி டிசம்பரில் 5.9 ஆனது. பார்த்தாயா, டயர் தின்கிறது என்று முடிவு கட்டி, குளிர் போகும் முன்பே பிப்ரவரியில் கழற்றி எறிந்தேன். அடுத்த வருஷம் வேலை நெருக்கடியில் டிசம்பர் நடுப்பகுதி வரை டயர் மாற்றவே முடியவில்லை. அப்போதும் நோட்டில் 5.7 என்று இருக்கிறது, பழைய டயரிலேயே! மாற்றிய பிறகு 5.9. ஆக, டயர் தின்றது அந்த 0.2 மட்டும்தான். மீதியைத் தின்றது குளிர்.

காரணம் யோசித்தால் எளிது. வண்டிக்குள் சூடு வேண்டுமென்றால் எஞ்சின் ஓடித்தான் ஆக வேண்டும். கோடையில் சிக்னலில் அணைந்து கிடக்கும் அதே எஞ்சின் குளிரில் நமக்காகச் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். குளிர்ந்த பேட்டரி மின்சாரத்தை வாங்கவும் கொடுக்கவும் அடம்பிடிக்கும், அதனால் பிரேக்கில் திரும்பக் கிடைப்பதும் குறையும். காற்று அடர்த்தியாகிவிடுவதால் எதிர்ப்பும் அதிகம். வெப்பநிலை 25 டிகிரியிலிருந்து மைனஸ் 7 டிகிரிக்கு இறங்கினால் ஊருக்குள் ஓட்டும் சாதாரண பெட்ரோல் காரின் மைலேஜ் 15 சதவீதம் அளவுக்கும், ஹைப்ரிட்டின் மைலேஜ் 30 முதல் 34 சதவீதம் வரையும் குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறையே கணக்குச் சொல்கிறது. டயரின் உருளும் தடை 10 சதவீதம் கூடினாலும் எரிபொருள் செலவு 1 அல்லது 2 சதவீதம்தான் கூடும்.

மைலேஜ்தான் கவலை என்றால் ஹீட்டரை இரண்டு டிகிரி குறைத்து, சீட் ஹீட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள். டயரில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

*

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், யாராவது தப்பிக்கட்டும்.

“முன் சக்கரம்தானே இழுக்கிறது, மோட்டார் பிரேக்கும் முன்னால்தானே பிடிக்கிறது? முன்னாடிக்கு மட்டும் இரண்டு குளிர்கால டயர் போதும்” என்று கடையில் வாதாடினேன். நான்கும் மாற்றினால்தான் மாட்டுவேன் என்றார் கடைக்காரர். விற்பனைத் தந்திரம் என்று நினைத்து இரண்டை மட்டும் வாங்கி, வீட்டில் ஜாக் போட்டு நானே மாட்டினேன். ஒரு வாரம் அற்புதமாக இருந்தது. மேட்டில் மற்ற வண்டிகள் சக்கரம் சுற்றிக்கொண்டு நிற்கும்போது நான் பாட்டுக்கு ஏறிப் போனேன். கொஞ்சம் திமிர்கூட வந்தது.

அப்புறம் ஒரு வளைவு. மாமியார் பின் சீட்டில் இருந்தார். வளைவுக்குள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், அவ்வளவுதான் செய்தேன். முன்பக்கம் ரோட்டைக் கவ்விக்கொண்டது, பின்பக்கம் தன்னிஷ்டத்துக்கு விலகி வெளியே போனது. கார் அரை வட்டம் அடித்து, வந்த திசையைப் பார்த்து நின்றது. ஸ்டியரிங்கில் நான் செய்த எதுவும் எடுபடவில்லை. மாமியார் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மறுநாளே நான்கும் குளிர்கால டயர்.

பின்னால் தனி மோட்டார் வைத்த நான்கு சக்கர இழுவை ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். அந்தப் பின் மோட்டார் கிளம்புவதற்கும் ஏறுவதற்கும் உதவும். நிற்பதற்கு உங்களுக்கும் டயர்தான்.

*

அக்கா சொன்ன வளைவுக் கதையைப் படித்ததும் இறக்கத்தில் நான் பட்டது ஞாபகம் வந்தது. நீண்ட இறக்கம், கியரை ‘பி’யில் (பார்க்கிங் இல்லை, இறக்கத்தில் பிடிப்பதற்கான B) போட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளுமே என்று போட்டேன். காய்ந்த ரோட்டுக்கு அது சரி. ஐஸில் அந்த இழுப்பு முழுக்க முன் சக்கரத்தில் விழுந்து, பிரேக்கைத் தொடாமலே வண்டி வழுக்க ஆரம்பித்தது. இப்போதெல்லாம் வழுக்கும் ரோட்டில் வழக்கமாக ஓட்டும் ‘டி’யிலேயே (D) விட்டு மெதுவாக இறங்குகிறேன்.

*

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் கொஞ்சம் எதிர்க்கட்சி பேசுகிறேன். நான் ஆல் சீசன் ஆள், அதுவும் நிம்மதியான ஆள்.

ஆனால் எந்த ஆல் சீசன் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் ‘எம் ப்ளஸ் எஸ்’ என்று மட்டும் இருந்தால் அதை நம்பிப் பனியில் இறங்காதீர்கள். சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள்) அமைப்பு என்று தயாரிப்பாளரே சொல்லிக்கொள்ளும் குறி அது. சோதனையில் பாஸாகித்தான் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள், அந்தப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். இறுகிய பனியில் சோதித்து, ஒப்பீட்டு டயரைவிட இவ்வளவு நன்றாகப் பிடிக்கிறது என்று காட்டினால்தான் அதைப் போட முடியும். முதல் பதிவு போட்டவரின் காரோடு வந்த டயரில் அது இருந்திருக்காது என்று நினைக்கிறேன். எரிபொருள் மிச்சத்துக்காக வரும் டயர்களில் பெரும்பாலும் வெறும் ‘எம் ப்ளஸ் எஸ்’தான்.

என் பக்கத்தில் குளிர் மைனஸ் ஐந்தைத் தாண்டுவதே அபூர்வம். காலையிலேயே ரோட்டைச் சுத்தம் செய்துவிடுவார்கள். ரொம்ப மோசமான நாளில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். வருஷத்துக்கு இரண்டு தடவை டயர் மாற்றவோ, இன்னொரு செட்டை வைக்கவோ இடமும் இல்லை. எனக்குப் பனித்துகள் ஆல் சீசன் நான்காவது வருஷம் ஓடுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பனித்துகள் சோதனை பனிக்கானது, ஐஸுக்கானது இல்லை. உங்கள் சிக்னல் மாதிரி இடத்தில் என் டயரும் தடுமாறத்தான் செய்யும். ஐஸ் பிடிமானத்துக்கு ஐரோப்பிய டயர் லேபிளில் 2021 முதல் தனிப் படமே போடுகிறார்கள். தினமும் விடியும் முன் கிளம்ப வேண்டியவர் என்றால் நான் சொன்னதை மறந்துவிட்டு அந்தப் படமுள்ள குளிர்கால டயரை வாங்குங்கள்.

*

பனியே பெய்யாத இடம், எனக்கெதற்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரி. 7 டிகிரிக்குக் கீழே போனாலே கோடை டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்கும். குளிர்கால டயர் ரப்பர் அந்தக் குளிரிலும் வளைந்து கொடுக்கும். அதன் பட்டன் முழுக்க மெல்லிய கீறல்கள் இருக்கும், அவைதான் பனியைக் கடித்துப் பிடிப்பவை. அதே மென்மை கோடையில் எமன். சோம்பலில் ஜூன் வரை கழற்றாமல் ஓட்டினேன், பட்டன் கரைந்ததோடு பிரேக் பிடிக்கும் தூரமும் நீண்டது. மறு குளிர்காலத்தில் அளந்தால் 4 மில்லிமீட்டருக்கும் கீழே. ஆழம் அவ்வளவு குறைந்தால் பனியில் பெயருக்குத்தான் குளிர்கால டயர்.

*

தனி செட் என்று முடிவெடுத்தால் தனி ரிம்மோடு வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் டயரை ரிம்மிலிருந்து பிய்த்து மாட்டினால் டயரின் விளிம்பும் கெடும், கூலியும் இரட்டிப்பு.

நான் 17 அங்குல ரிம்மிலிருந்து 15க்கு இறங்கினேன். கோடையில் 215/45 ஆர் 17 (அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவர் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம்), குளிரில் 195/65 ஆர் 15. மொத்த விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான், 625 மில்லிமீட்டரும் 634 மில்லிமீட்டரும். அதனால் ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. ஒல்லியான டயர் பனியை மிதித்து அடியில் இறங்கும், அகலமானது மேலேயே மிதக்கும். பக்கச் சுவர் உயரம் என்பதால் பனிக்குள் ஒளிந்திருக்கும் பள்ளத்தில் விழுந்தாலும் ரிம் தப்பிக்கும். ஆனால் உங்கள் காரின் பிரேக் காலிபர் (சக்கரத்துக்குள் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) மேல் 15 உட்காருமா என்பதை முதலில் பாருங்கள், கதவில் ஒட்டியிருக்கும் அட்டையில் அல்லது கையேட்டில் அனுமதித்த அளவுகள் இருக்கும். டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் சுமை எண்ணையும் பாருங்கள். பேட்டரியால் ஹைப்ரிட் கொஞ்சம் கனம், பிளக் போட்டு சார்ஜ் செய்யும் வகை இன்னும் கனம். காரோடு வந்த டயரில் 91 என்றிருந்தால் 91க்குக் கீழே போகாதீர்கள்.

மாட்டிய பிறகு 80, 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். எனக்கு ஒரு நட்டு உண்மையிலேயே தளர்ந்திருந்தது.

காற்று இன்னொரு தலைவலி. வெப்பநிலை ஐந்தரை டிகிரி இறங்கினால் டயரில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) இறங்கும். சூடான ஷெட்டுக்குள் 20 டிகிரியில் அடித்த காற்று, மைனஸ் 10 டிகிரி காலையில் ஐந்து பிஎஸ்ஐ குறைந்து நிற்கும். மைலேஜ் குறைந்ததற்கு டயர் வகையைத் திட்டும் முன் கேஜ் வைத்துப் பாருங்கள்.

*

முதல் பதிவு போட்டவன்தான். இவ்வளவு நாள் கழித்து வருவதற்கு மன்னிக்கவும்.

எதிர்க்கட்சி நண்பர் சொன்னது சரி, என் பழைய டயரில் மலையும் இல்லை பனித்துகளும் இல்லை. அவருடைய யோசனையில் பாதி மனம் போனது உண்மை. ஆனால் விடியும் முன் கிளம்புபவன் நான், நின்றது ஐஸில். அதனால் தனி ரிம்மோடு நான்கு குளிர்கால டயர் வாங்கிவிட்டேன், 15 அங்குலம்தான். ஒரு காலி மைதானத்தில் ஐஸ் கட்டிக் கிடந்த இடத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரில் பிரேக் போட்டுப் பார்த்தேன். பழைய டயரோடும் போன வாரம் அதே இடத்தில் போட்டிருந்தேன். இரண்டுக்கும் இடையே ஒரு காரின் நீளத்துக்கும் மேல் வித்தியாசம் இருந்தது. மேட்டில் ஏறி இறங்கினால் அந்தத் தள்ளிவிட்ட உணர்வு இப்போதும் லேசாக வருகிறது. ஆனால் அடுத்த நொடியே டயர் பிடித்துவிடுகிறது.

காற்றழுத்த விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. புது ரிம்மில் இருக்கும் சென்சார்களின் எண்களைக் காரில் பதிய வேண்டுமாம், அடுத்த வாரம் போகிறேன். அதுவரை கேஜ்தான். மைலேஜைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசை. நேற்றும் பார்த்தேன், 5.8.