சொரோயாவின் பச்சை ஆடை: மடிப்பு நிழலுக்கு என்ன கலவை?

ஸ்பானிய ஓவியர் ஹோவாகின் சொரோயா 1914இல் தீட்டிய ‘அரகோன்: ஹோத்தா’ ஓவியத்தை எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்தவர்கள் உதவுங்கள். நியூயார்க் ஹிஸ்பானிக் சொசைட்டி அருங்காட்சியகத்துக்காக அவர் தீட்டிய 14 பெரிய ஓவியங்களில் அதுவும் ஒன்று.

அதில் வரும், ஸ்பெயினின் அரகோன் பகுதியிலுள்ள அன்சோ பள்ளத்தாக்குப் பெண்களின் பச்சைக் கம்பளி ஆடைக்கு இடுப்பே கிடையாது; அக்குளுக்குக் கீழிருந்தே நெடுமடிப்புகள் இறங்கும். இடுப்பில் சுருக்கி வரைந்தால் அது அன்சோ உடையே அல்ல.

சிக்கல் நிழலில்தான். விரிடியன் பச்சையோடு கறுப்பு சேர்த்தால் மடிப்பு செத்துப்போகிறது. அலிசரின் சிவப்பு கொஞ்சம் கூடினாலும் சாம்பல்தான். சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. அல்ட்ராமரின் நீலம் எவ்வளவு சேர்க்கிறீர்கள்? வெயில் விளிம்புக்குக் காட்மியம் மஞ்சளா, மஞ்சள் காவியா? வெள்ளைக் கழுத்துச் சுருக்கத்தில் ஈரப் பச்சை ஏறி அழுக்காகாமல் இருக்க எதை முதலில் தீட்டுவது, எத்தனை நாள் காயவிடுவது?