கொழிஞ்சாம்பாறை ஸ்பிட்ஃபயரின் பின் போல்ட்

செந்தில் (காலை 6.50)
எல்லோருக்கும் வணக்கம். ஃபோர்ட் கொச்சியிலிருந்து வாங்கி வந்த பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் பின் சஸ்பென்ஷனைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். இடது பக்க வெர்டிகல் லிங்க்கின் (ஸ்பிரிங்கின் முனையையும் சக்கரப் பக்கத்தையும் இணைக்கும் நிமிர்ந்த துண்டின்) அடியில், டிரன்னியனுக்குள் (ஆக்ஸில் முனையைத் தாங்கி அசையும் உறைக்குள்) முன்னும் பின்னுமாகச் செல்லும் நீண்ட போல்ட் வெளியே வர மறுக்கிறது. நட் எளிதாகக் கழன்றுவிட்டது. போல்ட்டின் தலையை ஸ்பேனரால் திருப்பினால் தாராளமாகச் சுற்றவும் செய்கிறது. ஆனால் நூலளவுகூட நகரவில்லை. பக்கத்துப் பட்டறைச் சேட்டன் சம்மட்டியால் அடித்துப் பார்க்கலாம் என்கிறார். பெரியப்பா ஹெரால்டு வண்டிகளில் வேலை செய்தவர் என்பதால், அவர் பதிலைக் கேட்ட பிறகு தொடரலாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பெரியப்பா (காலை 7.25)
செந்தில், சம்மட்டியைக் கீழே வைக்கச் சொல். ஸ்பிட்ஃபயர் 1962இல் வந்தபோது, 1959இல் வந்த ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி அதன்மேல்தான் கட்டினார்கள். இரண்டு வண்டிகளையும் வரைந்தவர் மிக்கேலொட்டி என்ற ஒரே இத்தாலியர். மதராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் செய்த ஹெரால்டிலும் இதே பின் அமைப்பு இருந்ததால், அந்த வண்டியைப் பிரித்தவர்கள் எல்லோரும் இந்தப் போல்ட்டோடு மல்லுக்கட்டியவர்கள்தான்.

போல்ட் சுற்றுவதைப் பார்த்து அது இளகிவிட்டது என்று எண்ணாதே. அந்தப் போல்ட் நேராக நைலான் புஷ்ஷுக்குள் (மூட்டின் உள்வளையத்துக்குள்) போகவில்லை. ஓர் இரும்புக் குழலுக்குள் போகிறது, அந்தக் குழல்தான் புஷ்ஷுக்குள் இருக்கிறது. நட்டை இறுக்கும்போது லிங்க்கின் இரண்டு காதுகளுக்கும் (போல்ட் துளையுள்ள கிளைகளுக்கும்) நடுவில் குழல் பிடிபட்டு அசையாமல் நிற்கும், புஷ் அதன்மேல் சுழலும். போல்ட்டுக்கும் குழலுக்கும் இடையே தண்ணீர் இறங்கித் துருப்பிடித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். நட்டைக் கழற்றியதும் குழலின் பிடி விட்டுப்போவதால், இப்போது நீ திருப்பும்போது போல்ட்டும் குழலும் சேர்ந்தே சுற்றுகின்றன.

இனி அடித்தால் என்ன ஆகும் என்று பார். லிங்க்கின் காதில் உள்ள துளை போல்ட்டின் அளவுக்குத்தான் இருக்கிறது. குழல் அதன் வழியாகப் போகாது. ஒவ்வோர் அடியும் குழலின் முனையை எதிர்க் காதில் மோதி, அந்தக் காதை வெளிப்பக்கம் வளைக்கும். போல்ட் போனால் வேறு வாங்கலாம். லிங்க் வளைந்தால் சக்கரம் நிற்கும் கோணமே மாறிவிடும், அதற்கு மாற்றுத் தேடி அலையவும் வேண்டும்.

கலா அத்தை (காலை 7.50)
அண்ணா சொல்வதன் வேதியியல் காரணத்தையும் செந்தில் தெரிந்துகொள்ளட்டும். துரு என்பது இரும்பின்மேல் படிந்த அழுக்கு அன்று. இரும்பே ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து வேறு பொருளாகி, முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பது. அந்தக் குழலுக்குள் விரிவதற்கு இடம் இல்லாததால், துரு போல்ட்டை நாலாபுறமும் நெருக்குகிறது. கடற்கரையில் நின்ற வண்டி என்பதால் காற்றின் உப்பு இந்த வினையை இன்னும் விரைவாக்கியிருக்கும். பாலக்காட்டுக் கணவாயின் காற்றில் நின்றிருந்தால் இவ்வளவு மோசமாகியிருக்காது என்று நினைக்கிறேன்.

செந்தில் (காலை 8.05)
நன்றி அத்தை. அசிட்டோனையும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்) எண்ணெயையும் சரிபாதியாகக் கலந்து இரவு முழுவதும் ஊறவைத்தால் இளகும் என்று சிலர் சொல்கிறார்கள். முயன்று பார்க்கலாமா?

கலா அத்தை (காலை 8.12)
ஊறவைக்கலாம், ஆனால் கவனம் வேண்டும். அசிட்டோனின் ஆவி பனிக்கட்டி உறையும் குளிரிலும் தீப்பற்றக்கூடியது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய். அதை ஊற்றிய இடத்தில் தீக்குச்சியோ கேஸ் விளக்கோ தீப்பொறியோ இருக்கவே கூடாது.

பிரபு மாமா (காலை 8.40)
மாப்பிள்ளை, ஊறவைப்பதற்குப் பதிலாகக் கேஸ் வைத்துச் சூடேற்றினால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடாதா? போத்தனூரில் நம் லேத் பட்டறைக்கு வரும் லாரி வேலைகளில், பட்டை ஸ்பிரிங் பின்னைக் காய்ச்சித்தான் எடுக்கிறோம். இல்லையென்றால் அந்தத் துண்டை அப்படியே கழற்றி வாளையார் வழியாக அனுப்பிவிடு, பிரஸ்ஸில் வைத்து அழுத்திப் பார்க்கிறேன்.

பெரியப்பா (காலை 9.10)
பிரபு, லாரிக்கு அது சரி. இந்த வண்டியின் பெட்ரோல் டேங்க் இருக்கைகளுக்குப் பின்னால், டிக்கியின் முன் சுவரை ஒட்டி நிற்கிறது. பின் ஆக்ஸிலைச் சூடேற்றினால் டேங்க்குக்கு மிக அருகில் தீயை வைப்பதாக ஆகிவிடும். பக்கத்திலேயே பிரேக்கின் ரப்பர் ஹோஸும், டிரன்னியனுக்குள் பேரிங்கும் ஆயில் சீலும் இருக்கின்றன. அதோடு அசிட்டோனும் ஊற்றியிருந்தால் சொல்லவே வேண்டாம். பிரஸ்ஸில் அழுத்தினாலும் சம்மட்டி செய்வதைத்தான் அதுவும் செய்யும். மெதுவாகச் செய்யும் என்பது மட்டுமே வேறுபாடு. காதுக்கும் டிரன்னியனுக்கும் நடுவே சரியான தடிமனில் இரும்புத் துண்டைச் செருகித் தாங்காமல் அழுத்தினால் காது வளைந்தே தீரும்.

ஓர் இரவு ஊறட்டும். காலையில் அசையவில்லை என்றால் போல்ட்டை அறுத்துவிடுங்கள். இதில் மானக்குறைவு ஒன்றுமில்லை. வண்டியின் நன்மைக்கு அதுவே சரியான வழி என்று உறுதியாகச் சொல்கிறேன்.

செந்தில் (மறுநாள் காலை 6.30)
பெரியப்பா, ஊறவைத்தும் அசையவில்லை. அறுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். எங்கே அறுக்க வேண்டும்?

பெரியப்பா (காலை 7.00)
முதலில் பாதுகாப்பு. ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும்; பின்புறத்தைத் தூக்கிவிட்டால் அது எதற்கும் உதவாது. ஆகவே முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, சேஸிஸின் அடியில் ஸ்டாண்டு வைத்த பிறகே கீழே கையை நுழைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாதே. அதன்பின், குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங்கை மறக்காதே. சக்கரம் தொங்கும்போது அது மேலும் கீழே போகாமல் தடுத்து நிறுத்துவது ஷாக் அப்சார்பர்தான். அதைக் கழற்றும் நொடியில் ஸ்பிரிங் லிங்க்கைக் கீழே உதறும். எனவே லிங்க்கின் அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்து, சிறிது தூக்கி, ஷாக்கைக் கழற்றி, ஸ்பிரிங் ஓயும்வரை மெதுவாக இறக்கு.

இப்போது காதின் உட்புறத்துக்கும் டிரன்னியனின் முகத்துக்கும் நடுவில் வாஷரும் சீலும் இருக்கும் சிறு சந்து தெரியும். அறுக்க வேண்டிய இடம் அதுதான், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கிரைண்டர் வேண்டாம், அதன் தட்டு அந்தச் சந்துக்குள் காதைக் கீறாமல் நுழையாது, பொறியும் பறக்கும். பிளேடு போல்ட்டையும் குழலையும் சேர்த்தே அறுக்கும். எங்கு சாய்ந்தாலும் டிரன்னியனின் பக்கம் சாயக் கூடாது. இரண்டாவது வெட்டு முடியும்போது ஆக்ஸில் சட்டென்று விழுந்து பிரேக் ஹோஸை இழுக்கும் என்பதால், அதை முன்பே கம்பியால் கட்டித் தொங்கவிடு.

பிரபு மாமா (காலை 7.20)
முன்னும் பின்னும் அசையும் மின் ரம்பம் என்னிடம் இருக்கிறது, மதியத்துக்குள் கொண்டுவந்து விடுகிறேன். போல்ட் கடினமான இரும்பு என்பதால், அங்குலத்துக்கு 24 பல் உள்ள பைமெட்டல் பிளேடு போட்டு, மெதுவான வேகத்தில், எண்ணெய் விட்டு விட்டு அறுக்க வேண்டும். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் பிளேடின் பல்தான் முதலில் கருகும். கண்ணாடி போட்டுக்கொள்.

செந்தில் (மாலை 5.45)
இரண்டு பக்கமும் அறுந்தன. காதுகளில் தங்கிய போல்ட் துண்டுகள் பஞ்ச் (punch) கம்பியால் தட்டியதும் விழுந்துவிட்டன. நடுத்துண்டு குழலோடு சேர்ந்து நைலான் புஷ்ஷிலிருந்து கைவிரலாலேயே வந்தது. லிங்க்கின் காதுகள் நேராக இருக்கின்றன, மாமா அளந்தும் பார்த்துவிட்டார். மேலே ஸ்பிரிங்கின் கண்ணில் உள்ள போல்ட்டும் இதே போல ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது.

பெரியப்பா (மாலை 6.20)
மிக்க மகிழ்ச்சி. மேலே இருப்பதும் அதே நோய்தான். அங்கே நைலானுக்குப் பதிலாக ரப்பர் புஷ்ஷின் உள்குழல். அதையும் அறுத்துவிடுங்கள், புஷ்ஷை எப்படியும் மாற்றத்தான் போகிறோம்.

பூட்டும்போது இரண்டு செய்திகளை மனத்தில் வை. புதுப் போல்ட்டின் தண்டு முழுவதும் காப்பர் கிரீஸ் பூசி, துளைகளைத் துருப்போகத் துடைத்து, புது நைலாக் நட் (நைலான் வளையம் வைத்த, தானே கழலாத நட்) போடு. இது அங்குலக் கணக்கில் வந்த வண்டி. மில்லிமீட்டர் போல்ட்டை ஏறக்குறைய பொருந்துகிறதே என்று திணிக்கக் கூடாது. பிரபு அன்போடு லேத்தில் கடைந்து தருகிறேன் என்பார், சாதாரண இரும்பில் அதைச் செய்யவே கூடாது, ஏனென்றால் பின் சக்கரம் அந்த ஒரு போல்ட்டை நம்பித்தான் நிற்கிறது. அடுத்தது, ஸ்பிரிங் கண்ணின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்காதே. ரப்பர் எந்த நிலையில் இறுக்கப்படுகிறதோ அதையே ஓய்வுநிலையாகக் கொள்ளும். தொங்கும்போது இறுக்கினால் வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். வண்டியைத் தரையில் இறக்கி, ஆட்களை உட்காரவைத்து, அதன்பின் இறுக்கு.

செந்தில் (மாலை 6.35)
அப்படியே செய்கிறேன், பெரியப்பா. முன் சக்கர டிரன்னியனுக்கும் இதே கிரீஸ் போதுமா?

பெரியப்பா (மாலை 6.48)
கூடாது. முன்புறம் திருகுமரையோடு கூடிய வெண்கல டிரன்னியன். அதற்கு கிரீஸ் அன்று, இபி 90 கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கிரீஸ் அந்த மரையின் அடிவரை இறங்காமல் காய்ந்து நிற்கும், அங்கே துருப்பிடித்தால் முன்புற வெர்டிகல் லிங்க் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். பின் வேலை முடிந்ததும் முன்புறத்தையும் பிரித்துப் பார்க்காமல் சாலையில் இறக்காதே.