ஸ்ட்ராட்டில் நாப்ளர் ஒலி: அடுத்து எந்தப் பெடல் வாங்கலாம்?

அரைச்சுருதி (வேளச்சேரி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இப்போது 43 வயது. 31 வயதில்தான் கிட்டாரைக் கையில் எடுத்தேன். முறையாக எவரிடமும் கற்கவில்லை. முதலில் வாங்கிய யமஹா எஃப்310 இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன்பின் ஒரு ஸ்குவையர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) எலெக்ட்ரிக் கிட்டார், நைலான் கம்பி பூட்டிய ஒரு கிளாசிக்கல் கிட்டார், 50 வாட் ஆம்ப் ஒன்று, அதற்கு முன்னால் வைக்க, ஒலியை மாற்றும் பெடல்களாக ஒரு கம்ப்ரெஸர், ஒரு டியூப் ஸ்க்ரீமர், ஒரு கோரஸ், ஒரு டிலே என்று சேர்ந்துகொண்டே போய்விட்டன. துணி அலமாரியின் கீழ்த்தட்டு முழுவதையும் இவையே பிடித்துக்கொண்டன என்று என் மனைவி குறைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

என்னை இந்தப் பக்கம் இழுத்தவர் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவில் வாசித்த கிட்டார் கலைஞர் மார்க் நாப்ளர். கல்லூரி விடுதியில் அறைத்தோழன் வைத்திருந்த ஒரு கேசட்டில்தான் அவரை முதன்முதலில் கேட்டேன். ஒவ்வொரு சுரமும் சொடக்குப் போட்டதுபோல எழுந்து, உடனே மென்மையாகி விடும் அந்த ஒலி இன்றுவரை காதை விட்டுப் போகவில்லை. பிற்பாடு பிரசன்னா எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசிப்பதைக் கேட்டு வியந்தேன் என்றாலும், அந்தப் பக்கம் போகும் துணிவு எனக்கு வரவில்லை.

என் சிக்கல் இதுதான். கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப்புகளில், கம்பிகள் உடலில் ஊன்றும் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பும் நடுப் பிக்கப்பும் சேரும் இடத்தில் சுவிட்சை வைத்து, கம்ப்ரெஸரையும் போட்டு வாசித்தாலும், எனக்குக் கிடைப்பது கண்ணாடியைத் தட்டியதுபோன்ற ஒரு கூரிய ஒலிதான். வார நாட்களில் இரவு 9.30 மணிக்குமேல் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் வாசிக்கிறேன். அதில் பாதி, பெடல்களின் குமிழ்களைத் திருப்பிப் பார்ப்பதிலேயே கழிந்துவிடுகிறது. இப்போது கையில் கொஞ்சம் போனஸ் பணம் இருக்கிறது. இதைவிட நல்ல கம்ப்ரெஸர் வாங்கலாமா, அல்லது ஸ்குவையரின் பிக்கப்புகளை மாற்றலாமா?

ஆறாங்கம்பி (கோயம்புத்தூர்) எழுதியது:

நண்பரே, கருவிகளை எல்லாம் வரிசையாகச் சொன்ன நீங்கள், வலது கையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நீங்கள் பிக் (கம்பியை மீட்டும் சிறு பிளாஸ்டிக் வில்லை) பிடித்து வாசிக்கிறீர்கள் என்றே ஊகிக்கிறேன். நாப்ளர் அந்த ஒலியை எழுப்புவது பிக்கால் அன்று. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றின் சதையால். மற்ற இரண்டு விரல்களும் கிட்டாரின் உடலில் ஊன்றியிருக்கும். விரலின் சதை கம்பியைச் சற்று மேலே இழுத்து விடும்போது அது ஃபிரெட்டின்மேல் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையின்மேல்) அறைந்து எழுகிறது. நீங்கள் சொல்லும் சொடக்கு அதுதான். அடுத்த சுரத்துக்காக அதே விரல் திரும்பிவந்து கம்பியைத் தொடும்போது முந்தைய ஒலி அடங்குகிறது. கெட்டியான பிளாஸ்டிக் விளிம்பு இதைச் செய்யாது. அது கம்பியின் உச்ச ஒலிகளையே முதலில் கிளப்பிவிடும். உங்கள் கண்ணாடிச் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

சுவிட்ச் விஷயத்தில் நீங்கள் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள். ஃபெண்டர் நிறுவனம் 1954இல் ஸ்ட்ராட்டை வெளியிட்டபோது அதில் மூன்று நிலைச் சுவிட்சுதான் இருந்தது. இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலிக்க வேண்டுமென்றால், சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே எப்படியோ சிக்கவைத்து நிறுத்த வேண்டியிருந்தது. 1977இல்தான் ஐந்து நிலைச் சுவிட்ச் தொழிற்சாலையிலிருந்தே பொருத்தப்பட்டு வந்தது. அந்தக் காலத்தவர்கள் தடுமாறிப் பிடித்த இடம் உங்கள் ஸ்குவையரில் ஒரு 'க்ளிக்'கில் கிடைக்கிறது. ஆகவே பிக்கப் மாற்றும் செலவு இப்போதைக்கு வேண்டாம்.

கம்ப்ரெஸரைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உரத்த சுரத்தைத் தாழ்த்தி, மெல்லியதை உயர்த்தி, இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. பயிற்சியின்போது அதைப் போட்டுக்கொண்டால், உங்கள் நடுவிரல் ஆள்காட்டி விரலைவிட வலுவில்லாமல் மீட்டுகிறது என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும். ஆறு ஆண்டுகள் நானும் இப்படித்தான் ஏமாந்தேன். ஒருநாள் மின்வெட்டில் ஆம்ப் இல்லாமல் இருட்டில் வாசித்தபோதுதான், மூன்று சுரங்களுக்கு ஒன்று காதில் விழவே இல்லை என்பதைக் கண்டுகொண்டேன். பெடல்கள் அனைத்தையும் கழற்றிவைத்துவிட்டு, மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, கட்டைவிரலுக்கு தடித்த 6, 5, 4ஆம் கம்பிகளையும், ஆள்காட்டி விரலுக்கு 3ஆம் கம்பியையும், நடுவிரலுக்கு 2ஆம் கம்பியையும் ஒதுக்கி, ஒரே கார்டைப் (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டைப்) பத்து நிமிடம் மீட்டிப் பாருங்கள். மூன்று முறை பிசகாமல் வந்த பிறகே வேகத்தை 4 கூட்டுங்கள். ஒரு தட்டு பிசகினாலும் 4 குறையுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும்.

இந்த வழி நாப்ளர் கண்டுபிடித்ததும் அன்று. அவருக்கு முன்னோடியான அமெரிக்கக் கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ், சிறுவயதில் வானொலியில் மெர்ல் ட்ராவிஸ் என்ற கிட்டார் கலைஞரின் வாசிப்பைக் கேட்டு, ட்ராவிஸ் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டுமே பயன்படுத்துகிறார் என்பதை அறியாமல், தாமாகவே கூடுதல் விரல்களைப் பழக்கிக்கொண்டவர். தவறாகக் கேட்டதே ஒரு பாணியாகிவிட்டது. அந்த அட்கின்ஸோடு நாப்ளர் 1990இல் சேர்ந்து ஒரு தொகுப்பே வெளியிட்டார்.

பனித்தந்தி (டொரன்டோ) எழுதியது:

ஆறாங்கம்பி அண்ணா சொன்னதற்கு மாறாக எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் விரலால் வாசிக்கத் தொடங்கியதும் கேள்வி கேட்டவர் கம்பிகளின் உயரத்தை நிச்சயம் உணர்வார். விரலால் இழுக்கும்போது கம்பியின் ஆட்டம் கூடுவதால், உயரம் மிகக் குறைவாக இருந்தால் கம்பி ஃபிரெட்டில் இரையும். கூடுதலாக இருந்தால் இடது கை களைத்துவிடும். என்னுடைய எலெக்ட்ரிக்கில், 12ஆம் ஃபிரெட்டுக்கு மேல் ஆறாம் கம்பியின் அடிப்பகுதி 2 மி.மீ., முதல் கம்பியின் அடிப்பகுதி 1.6 மி.மீ. உயரத்தில் இருக்குமாறு வைத்திருக்கிறேன். அதற்கு முன் கழுத்தின் வளைவைப் பார்க்க வேண்டும். ஆறாம் கம்பியை முதல் ஃபிரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் அழுத்திக்கொண்டு, 7ஆம் ஃபிரெட்டில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று கவனியுங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது சுமார் 0.25 மி.மீ. இருந்தால் போதும். கூடுதலாக இருந்தால் டிரஸ் ராடை (கழுத்தின் உள்ளே ஓடும், வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பியை) வலப்பக்கமாக ஒரே முறையில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல் இறுக்கி, மறுநாள் மீண்டும் அளவெடுங்கள். அவசரப்பட்டு ராடை முறுக்கி உடைத்தவர்களை நான் அறிவேன். அந்தப் பட்டியலில் எனக்கும் இடம் உண்டு.

ஊர்க் காற்றும் இதில் விளையாடுகிறது. இங்கே ஜனவரியில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும்போது காற்று வறண்டு, ஃபிரெட்டுகள் பதித்த ஃபிங்கர்போர்டு சுருங்கிவிடுவதால், ஃபிரெட்டுகளின் நுனிகள் வெளியே துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். சென்னையில் இதற்கு நேர்மாறு. ஈரத்தில் மரம் ஊதி, அக்கூஸ்டிக்கின் மேற்பலகை மேலெழும்பி, கம்பிகள் தாமாகவே உயர்ந்துவிடும். உங்கள் எஃப்310 மழைக்காலத்தில் அழுத்தக் கடினமாக இருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

பாடகர்குழுக் கிட்டார் (தூத்துக்குடி) எழுதியது:

18 ஆண்டுகளாகத் தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். பிக்கையே தூக்கி எறிந்துவிட வேண்டும் என்பதுபோல் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நாற்பது பேர் பாடும்போது விரல் சதையால் மீட்டிய கார்டு மூன்றாம் வரிசைக்குக்கூட எட்டாது. பிக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்துக்கொண்டு, நடுவிரலாலும் மோதிர விரலாலும் மெல்லிய கம்பிகளை மீட்டும் வழியும் இருக்கிறது; இரண்டும் கைவசம் இருப்பது நல்லது. இன்னொன்று, காசு செலவில்லாதது: கிட்டாரின் வால்யூம் குமிழை 10இலிருந்து 7க்கு இறக்குங்கள். கூர்மையில் பாதி அங்கேயே அடங்கிவிடும்.

அரைச்சுருதி மீண்டும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. மூன்று வாரங்களாகப் பெடல்கள் அலமாரியிலேயே இருக்கின்றன. நேரத்தையும் காலை 5.30க்கு மாற்றிக்கொண்டேன், ஆம்ப் இல்லாமல் வாசிப்பதால் வீட்டில் எவரும் விழிப்பதில்லை. மெட்ரோனோம் 60இல் தொடங்கி இப்போது 76இல் நிற்கிறது. 80க்குப் போனால் நடுவிரல் பின்தங்குகிறது. கைப்பேசியில் பதிவுசெய்து கேட்டபோது, ஒரே ஒரு இடத்தில், 3ஆம் கம்பியில், அந்தச் சொடக்கு வந்திருந்தது. அதைப் பத்துத் தடவையாவது ஓட்டிக் கேட்டிருப்பேன்.

ஸ்குவையரில் ஆறாம் கம்பி 2.8 மி.மீ. உயரத்தில் இருந்தது, 2க்கு இறக்கிவிட்டேன். ஆனால் முதல் கம்பியை ஃபிரெட் எதையும் அழுத்தாமல் மீட்டினால் இரைகிறது. முதல் ஃபிரெட்டில் அழுத்தினால் இரைச்சல் நின்றுவிடுகிறது. சென்ற ஆண்டு ஒரு கடையில் செட்டப்புக்குக் கொடுத்தபோது நட்டை (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பதியும் பள்ளங்கள் கொண்ட சிறு பட்டையை) அரம் போட்டார்கள். காரணம் அதுவாக இருக்குமா?

பனித்தந்தி (டொரன்டோ) எழுதியது:

அதுவேதான். நட்டில் முதல் கம்பிக்கான பள்ளம் அளவுக்கு மேல் ஆழமாகிவிட்டது. கம்பியைத் தளர்த்தி, பள்ளத்தில் ஒரு சிறு காகிதத் துண்டை மடித்து வைத்து, மீண்டும் சுருதி சேர்த்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் சந்தேகமே இல்லை. எலும்புத் தூளையும் சூப்பர் க்ளூவையும் வைத்துப் பள்ளத்தை நிரப்பி மறுபடி அறுப்பவர்கள் உண்டு என்றாலும், புதிய நட் ஒன்றைப் பொருத்திக்கொள்வதே நல்லது. நீங்கள் வாங்க நினைத்த கம்ப்ரெஸரின் விலையில் அது மிகச் சிறு பங்குதான் ஆகும்.